இணையவழிப் பேச்சும் அதன் தடவகலமும்

கல்லூரிகள் யாவும் பெருந்தொற்றின் காரணமாக அடைபட்டுக் கிடந்த 2020ஆம் ஆண்டில், வாய்மொழித் தேர்வொன்றினை இணையத்தின் வழியாகவே நடத்துமாறு யான் பணிக்கப்பட்டேன். மாணவர் தத்தம் ஊர்களிலிருந்து கைப்பேசியின் வாயிலாக விடையிறுத்தனர். அவருள் ஒருத்தி, நாளொன்றுக்கு இருமுறையே பேருந்து செல்லும் சிற்றூரினள். யான் வினாவை முடித்ததும் அவள் பக்கம் அமைதி நிலவும். விடை தெரியாது போலும் எனக் கருதி யான் மீண்டும் வாய் திறப்பேன். அவ்வமயமே அவள் குரலும் எழும். இருவர் சொல்லும் ஒன்றோடொன்று முட்டி இரண்டும் கெடும். வந்த விடையும் தலையற்றும் வாலற்றும் வந்தது. அவள் பெயருக்கு நேரே, ‘தயக்கம் மிகுதி, பொருள் தெளிவில்லை’ என்றெழுதி, அதற்கேற்பக் குறைந்த மதிப்பெண்ணும் இட்டேன். அன்றிரவு அக்குறிப்பினை மீண்டும் நோக்கியபோது, தயங்கியவள் மாணவியோ, அன்றி எங்களிருவர்க்கும் இடைநின்ற தடமோ என்னும் ஐயம் எழுந்தது. யான் கற்பிப்பதோ பௌதிகம். இவ்வையத்தை முன்னரே எழுப்பிக்கொள்ளாமல் மதிப்பெண் இட்டமை எனக்கே நாணத்தைத் தந்தது. அதன்பொருட்டு ஆராய்ந்து கண்டவற்றையே ஈண்டு எழுதத் துணிந்தேன்.

முதற்கண் இரு சொற்களைப்பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். ‘பேண்ட்விட்த்’ என்பதனைப் பௌதிக நூலார், ஓர் ஒலியோ அலையோ பரந்து நிற்கும் அதிர்வெண்களின் அகலத்தைக் குறிக்க வழங்குவர். இணையத்தார் அச்சொல்லையே, ஒரு தடத்தின் வழியே வினாடி ஒன்றுக்கு எத்துணைப் பிட்டுகள் செல்லவியலும் என்னும் அளவைக் குறிக்க வழங்குகின்றனர். இவ்விரண்டனையும் ஒன்றென மயங்குவோர் பலர். இக்கட்டுரையில் பின்னதனைத் தடவகலம் என்பேன். வாய்க்கால் அகன்றதாயின் நாழிகைக்குப் பாயும் நீர் மிகுதியாதல் போலக் கொள்க. மற்றொரு சொல் ‘கோடெக்’ என்பது. குரலைக் குறிகளாக ஆக்குவது, அக்குறிகளை மீண்டும் குரலாக்குவது என்னும் இரு செயல்களின் ஆங்கிலப் பெயர்களை வெட்டி ஒட்டிய சொல் அது. அதற்கொரு தமிழ்ப்பெயர் ஆக்கி வகுப்பில் வழங்கிப் பார்த்தேன். மாணவர் ஒருவரும் அதனைத் தீண்டாமையால், கோடெக் என்றே விட்டுவிட்டேன்.

குரல் என்பது காற்றின் அதிர்வு. இளஞ்செவி வினாடிக்கு 20 முதல் 20,000 வரையுள்ள அதிர்வுகளைக் கேட்கவல்லது. ஆயினும் பழைய தொலைபேசி அவ்வளவையும் சுமந்ததில்லை. ஏறத்தாழ 300 முதல் 3,400 வரையுள்ள பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, எஞ்சியதைப் பொறிவல்லார் கழித்துவிட்டனர். பேச்சின் பொருள் விளங்குவதற்கு இதுவே போதும் என்பது அவர் கண்ட முடிவு. ஆடவர் குரல்நாண் வினாடிக்கு நூற்றுச்சொச்சம் முறையே அதிர்வது. அவ்வடிப்படை அதிர்வு 300க்குக் கீழ்ப்பட்டதாகலின் தொலைபேசியில் வருவதே இல்லை. வாராததாயினும் நமக்குக் கேட்கின்றது, என்னை? அதன் மடங்குகளாகிய மேலதிர்வுகள் வருதலின், அவற்றைக்கொண்டு நம் செவியும் மூளையும் விடுபட்ட அடியினைத் தாமே நிரப்பிக்கொள்கின்றன. மேற்பக்கத்தில் கழித்ததற்கு அத்தகைய பரிகாரம் இல்லை. ‘ஸ’ என்னும் ஒலியின் வலிமையிற் பெரும்பகுதி 4,000க்கு மேற்பட்டது. ஆதலின் அதற்கும் ‘ஃப’ என்பதற்கும் தொலைபேசியில் வேற்றுமை அரிதாகின்றது. பெயரைச் சொல்லும்போது எழுத்தெழுத்தாகக் கூற நேர்வது இதனாலேயே.

இனி, தொடர்ச்சியாக ஓடும் இவ்வலையினை எண்களாக்குவது எங்ஙனம்? அலையின் உயரத்தைக் குறித்த இடைவெளிகளில் அளந்து எழுதிக்கொண்டே போதல் வேண்டும். எத்துணை நெருக்கமாக அளத்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு அடிகோலியது நைக்விஸ்ட் என்பார் 1928இல் வெளியிட்ட ஆராய்ச்சி. அதனைத் தெளிவான தேற்றமாக நிறுவியது ஷானன் என்பாரின் 1949ஆம் ஆண்டுக் கட்டுரை. அலையிலுள்ள மிகவுயர்ந்த அதிர்வெண்ணின் இருமடங்குக்கு மேற்பட்ட முறை அளந்தால், அவ்வெண்களைக்கொண்டே அலையை முழுமையாக மீட்கலாம் என்பது அதன் சாரம். 3,400க்கு இருமடங்கு 6,800. சிறிது இடம் விட்டு வினாடிக்கு 8,000 அளவைகள் என வைத்தனர். இம்முறையாற் குரலை எண்களாக்கி அனுப்பலாம் என்று 1937இல் பாரிஸ் நகரில் பணியாற்றிய அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலேயர் கண்டார். அக்காலத்து வெற்றிடக் குழாய்களால் அது பெருஞ்செலவில் முடியுமாதலின், பயன்பாட்டுக்கு வர நெடுநாள் சென்றது. 1962இல்தான் அமெரிக்காவில் பெல் நிறுவனத்தார் ஒரே தடத்தில் 24 பேச்சுக்களை எண்வடிவில் அனுப்பும் முறையை நடைமுறைப்படுத்தினர்.

ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளால் எழுதப்பெறும். அஃதாவது 256 படிகளுள் ஒன்று. இப்படிகளைச் சமமாக வகுத்தால் மெல்லிய குரல் கெடும். பொன் நிறுக்கும் தராசில் குன்றிமணி எடையும் கணக்கு. புளி நிறுக்கும் தராசில் அது பொருட்டன்று. அவ்வாறே மெல்லிய ஒலிக்கு நெருங்கிய படிகளும் உரத்த ஒலிக்கு அகன்ற படிகளுமாக வகுத்தனர். இவ்வகுப்பிலும் உலகம் இரண்டுபட்டது: வட அமெரிக்கரும் ஜப்பானியரும் ‘மியூ’ முறையையும், ஐரோப்பியரும் நாமும் ‘ஏ’ முறையையும் கைக்கொண்டோம். 1972இல் இவ்விரண்டும் ஜி.711 என்னும் பெயரால் பன்னாட்டு நியமமாயின. 8,000 அளவைகளை 8 பிட்டால் பெருக்க, வினாடிக்கு 64,000 பிட்டு. இதுவே கணக்குக்கெல்லாம் முதல். இணையத்தொலைபேசி வைத்திருக்கும் அலுவலகங்கள் பலவற்றில் இன்றும் இக்கோடெக்கே வழங்குகின்றது.

இதனினும் சுருக்க இயலுமா? இயலும், அதற்கு வழிகாட்டுவது அலையைப்பற்றிய ஆராய்ச்சியன்று, வாயைப்பற்றிய ஆராய்ச்சியே. நம் இலக்கணம் பயின்றோர்க்கு இது புதிதன்று. வயிற்றின் நடுவினின்று மேலெழும் காற்று சில இடங்களில் தங்கி, வாயினுள்ளும் மூக்கினுள்ளும் உள்ள உறுப்புக்களால் உருத்திரிந்து வெவ்வேறு எழுத்தாகின்றது எனத் தொல்காப்பியப் பிறப்பியல் கூறும். காற்றெழுச்சி ஒன்று, அதற்கு உருவளிக்கும் உறுப்பு நிலை மற்றொன்று. இவ்விரண்டனையும் பிரித்து நோக்கும் அக்கருத்தே, இன்றைய குரற்சுருக்கக் கலைக்கும் அடிப்படையாக நிற்கின்றது. தொல்காப்பியரே கோடெக்கைக் கண்டார் என யான் கூறவரவில்லை. அத்தகைய பேச்சு இக்காலத்தில் மிகுந்துவருதலின் இதனைச் சொல்லிவைக்கின்றேன். ஆயினும் பிறப்பியல் பயின்ற மாணவர்க்கு இப்பகுதி எளிதில் விளங்கும் என்பது மெய்.

பெல் ஆராய்ச்சிச் சாலையில் ஹோமர் டட்லி என்பார் இக்கருத்தைப் பொறியாக்கினார். நாவும் இதழும் வினாடிக்குச் சில முறையே அசைவன. குரல்நாணின் அதிர்வோ விரைந்தது. விரைந்ததனைப் பொறியே உண்டாக்கிக்கொள்ளட்டும். மெதுவாக அசையும் உறுப்புக்களின் நிலையை மட்டும் அனுப்பினாற் போதும் என்பது அவர் துணிபு. 1939ஆம் ஆண்டு நியூயார்க்கு உலகக் கண்காட்சியில், பயிற்சி பெற்ற பெண்டிர் கட்டைகளை விரலாலும் மிதியைக் காலாலும் இயக்க, அவருடைய ‘வோடர்’ என்னும் பொறி பேசிற்று. இரண்டாம் உலகப்போரில் 1943 முதல் வாஷிங்டனுக்கும் இலண்டனுக்கும் இடையே நிகழ்ந்த மறைபேச்சுக்கள், டட்லியின் முறையைத் தழுவிய ஏறத்தாழ 50 டன் எடையுள்ள பொறிகளின் வாயிலாக நிகழ்ந்தன. இன்று சட்டைப்பையில் அடங்குவது அன்று நிலவறையை அடைத்துக்கொண்டது.

பின்னர் ஜப்பானில் இடாகுராவும் ஸைட்டோவும் 1966இலும், அதனையடுத்துப் பெல் ஆராய்ச்சிச் சாலையில் பிஷ்ணு அடலும் வேறொரு வழி கண்டனர். அடல் 1933இல் கான்பூரில் பிறந்து, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திற் பயின்றவர். குரலின் ஓர் அளவை, தனக்கு முன்னுள்ள பத்து அளவைகளோடு நெருங்கிய உறவுடையது; அவற்றைத் தக்க பெருக்கெண்களாற் பெருக்கிக் கூட்டினால் அடுத்ததனை ஏறத்தாழ ஊகிக்கலாம். அப்பத்துப் பெருக்கெண்களே வாயறையின் அப்போதைய வடிவத்தைச் சொல்லிவிடுகின்றன. ஊகத்திற்கும் உண்மைக்கும் உள்ள சிறு எச்சம் ஒன்றே இனி அனுப்பற்பாலது.

அவ்வெச்சத்தை அனுப்புதற்கு 1985இல் ஷ்ரோடரும் அடலும் கூறிய வழி நுட்பமானது. நம் தந்தி அலுவலகங்களில் வாழ்த்துத் தந்திக்கென எண்ணிட்ட வாசகப்பட்டியல் ஒன்று தொங்கியதை முதியோர் அறிவர். திருமண வாழ்த்துக்கு ஓர் எண், தேர்வு வெற்றிக்கு ஓர் எண். எண்ணை அனுப்பினால் அவ்வூர் அலுவலகத்தார் தம் பட்டியலைப் பார்த்து வாசகத்தை எழுதிக்கொடுப்பர். (அத்தந்திச் சேவை 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நிறுத்தப்பட்டது.) அவ்வாறே இருபக்கத்துக் கோடெக்கும் ஒரே பட்டியலை வைத்திருக்கும். அனுப்பும் பொறி, பட்டியலிலுள்ள எச்சங்களை ஒவ்வொன்றாகத் தன் செயற்கை வாயில் இட்டுப் பேசிப்பார்த்து, உண்மைக் குரலுக்கு எது மிக நெருங்கியதோ அதன் எண்ணை அனுப்பும். முதன்முதல் இதனைச் செய்துபார்த்தபோது, அந்நாளைப் பெருங்கணிப்பொறியாகிய கிரே-1 ஒரு வினாடிப் பேச்சைக் குறியாக்க ஏறத்தாழ 150 வினாடி எடுத்துக்கொண்டது. 1996இல் நியமமான ஜி.729 என்னும் கோடெக் இவ்வழியினதே. 10 மில்லிவினாடிக்கு 80 பிட்டு, ஆக வினாடிக்கு 8,000 பிட்டு, ஜி.711இன் எட்டிலொரு பங்கு.

இச்சிக்கனத்திற்கு விலையும் உண்டு. இக்கோடெக் அறிந்தது ஒரு மனிதவாயினை மட்டுமே. அதனிடம் நாதசுரத்தைக் கொடுத்தால் அதனையும் ஒரு வாய் எனக்கொண்டு திணறும். காத்திருக்குமாறு கூறித் தொலைபேசியில் இசைக்கப்பெறும் இசை கரகரப்பதற்கு இஃதொரு காரணம். ஃபேக்ஸ் பொறியின் ஒலி இதன் வழியே செல்லாது.

இதுகாறும் கூறியது குரலைச் சுருக்கும் கதை. மேற்கூறியது அறிந்த மாணவர் பலரும், ‘அங்ஙனமாயின் 8,000 பிட்டு செல்லும் தடமிருந்தால் பேச்சு நடக்குமே’ என்பர். நடவாது. ஏன் நடவாது என்பதே இக்கட்டுரையின் நடுநாயகம்.

பழைய தொலைபேசியில், பேசும் இருவர்க்கெனத் தடமொன்று தொடக்கமுதல் இறுதிவரை ஒதுக்கப்பட்டிருந்தது. இணையத்தில் ஒருவர்க்கும் ஒதுக்கிய தடமில்லை. குரல் சிறுசிறு பொதிகளாகக் கட்டப்பெற்று, பிறர் பொதிகளோடு கலந்து, தன் முகவரியைத் தானே சுமந்து செல்லும். இவ்வாறு பேசவியலும் என்பதனை டானி கோஹன் முதலியோர் 1974ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், இணையத்தின் முன்னோடியாகிய அர்ப்பாநெட்டின் வழியே, கலிபோர்னியாவுக்கும் மாஸச்சூஸெட்ஸுக்கும் இடையே பேசிக் காட்டினர். பொதியின் மேலுறையில் மூன்று தாள்கள் உண்டு. எவரிடமிருந்து எவர்க்கு என்னும் இணைய முகவரித்தாள் 20 பைட்டு. அவ்விடத்தில் எச்செயலிக்கு என்பதனைக் கூறும் தாள் 8 பைட்டு. எத்தனையாவது பொதி, எந்நேரத்துக் குரல் என்பதனைக் கூறும் தாள் 12 பைட்டு. ஆக 40 பைட்டு. ஒரு பைட்டு என்பது 8 பிட்டு.

இப்போது கணக்கிடுவோம். வழக்கப்படி 20 மில்லிவினாடிக் குரலை ஒரு பொதியாகக் கட்டுவர். அங்ஙனமாயின் வினாடிக்கு 50 பொதி. (எழுத்தின் மாத்திரையைக் கண்ணிமைக்கும் நேரம் என்பர் இலக்கணத்தார், ஒருமுறை இமைப்பதற்குள் ஐந்து பொதிக்குக் குறையாமற் போய்விடும்.) ஜி.711 எனின் 20 மில்லிவினாடிக்கு 160 பைட்டுக் குரல். உறை 40 சேர 200 பைட்டு. 50ஆற் பெருக்க 10,000 பைட்டு. அஃதாவது வினாடிக்கு 80,000 பிட்டு. ஜி.729 எனின் குரல் 20 பைட்டே. உறையோ அதே 40. கடிதத்தினும் உறை இருமடங்கு எடையுடையதாயிற்று! 60 பைட்டினை 50ஆற் பெருக்க 3,000 பைட்டு. வினாடிக்கு 24,000 பிட்டு. கோடெக்கின் அளவில் எட்டிலொரு பங்காகச் சுருங்கியது, தடத்தின் அளவில் மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவாக மட்டுமே சுருங்கிற்று. வீட்டிலும் அலுவலகத்திலும் உள்ள ஈதர்நெட்டுக் கம்பியில் இன்னும் 18 பைட்டு உறை ஏறும். அப்போது இவை முறையே 87,200, 31,200 ஆகும். முகவரி நீண்ட புதிய ஆறாம் பதிப்பு இணைய முறையில் உறை மேலும் 20 பைட்டு பெருக்கும்.

விடுதியொன்றில் வினாடிக்குப் பத்து இலட்சம் பிட்டு மேற்செல்லும் தடம் இருப்பதாக வைத்துக்கொள்க. ஜி.711 கொண்டு ஒரே பொழுதில் 11 பேர் பேசலாம், ஜி.729 கொண்டு 32 பேர். இஃது ஏட்டுக்கணக்கு. அத்தடத்தில் வேறு எவரும் வேறெதுவும் செய்யாதிருந்தால்தான் இது மெய்யாகும். விடுதியில் அது நடக்குங்காரியமன்று. மேலும், பேச்சு இருவழிப்பட்டது. வருதடத்துக்கும் செல்தடத்துக்கும் தனித்தனியே இவ்வளவு வேண்டும். பல இணைப்புக்களில் செல்தடம் வருதடத்தினும் மிகக் குறுகியது. விளம்பரங்களிற் கொட்டையெழுத்தில் அச்சிடுவது வருதடத்தின் அளவையே. தரவுக்குக் காசு கொடுப்போர் அறியவேண்டுவது மற்றொன்று: ஒரு மணிநேரப் பேச்சு, ஒருவழிக்கு ஜி.711ஆல் 36 மெகாபைட்டும் ஜி.729ஆல் 10.8 மெகாபைட்டும் கொள்ளும்.

உறையின் சுமையைக் குறைக்க, ஒரு பொதியில் மிகுந்த குரலைக் கட்டினால் என்ன? ஜி.729இல் 40 மில்லிவினாடிக் குரலை ஒரு பொதியாக்கின், 80 பைட்டுப் பொதி 25. வினாடிக்கு 16,000 பிட்டே போதும். 10 மில்லிவினாடியாகக் குறுக்கினாலோ 40,000 ஆகும். அங்ஙனமாயின் நூறு மில்லிவினாடியைக் கட்டி இன்னும் சேமிக்கலாமே எனின், ஈண்டுத்தான் காலம் குறுக்கிடுகின்றது. பொதி நிரம்பும் வரை குரல் காத்துக்கிடக்கும்.

வாயினின்று செவிக்குச் செல்லும் தாமதம் ஒருவழிக்கு 150 மில்லிவினாடிக்கு உட்பட்டிருத்தல் நலம் எனவும், 400ஐ எஞ்ஞான்றும் கடவாதிருக்கத் திட்டமிடல் வேண்டும் எனவும் பன்னாட்டு நியமம் கூறும். சென்னையினின்று இலண்டன் நேர்த்தொலைவு ஏறத்தாழ 8,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீட்டர் செல்லுமாதலின், எத்துணைப் பொருள் செலவிட்டாலும் 41 மில்லிவினாடிக்குக் குறைந்து அங்கே சேரவியலாது. கடலடி வடம் வளைந்து செல்வதாகலின் மெய்யில் இன்னும் மிகும். பொதி கட்ட 20, கோடெக் சற்று முன்னோக்கிப் பார்க்க 5, மறுமுனையிற் பொதிகளைத் தேக்கிவைக்க 60 எனக் கூட்டினால் 126 ஆயிற்று. எஞ்சியது 24. புவிநிலைச் செயற்கைக்கோளின் வழியே பேசுவோர்க்கோ, 35,786 கிலோமீட்டர் ஏறி இறங்குவதிலேயே ஏறத்தாழ 240 மில்லிவினாடி கழிந்துவிடும். அவர் பேச்சில் ஒருவரையொருவர் இடைமறித்தல் ஓயாது.

மறுமுனையில் தேக்குவது எதற்கெனின், பொதிகள் 20 மில்லிவினாடிக்கு ஒன்றாக ஒழுங்காகப் புறப்பட்டாலும் ஒழுங்காக வந்து சேர்வதில்லை. வழியிலுள்ள நெரிசலால் ஒன்று விரையும், ஒன்று பிந்தும். இதனை நடுக்கம் என்பர். நடுக்கத்தை மறைக்கவே சிறிது தேக்கி, சீராக எடுத்து ஒலிக்கின்றனர். தேக்கம் சிறிதாயின் பிந்திய பொதி வீணாகும். பெரிதாயின் தாமதம் மிகும். வழியிற் காணாமற்போன பொதியை மறுபடி அனுப்பச் சொல்லலாகாதோ எனின், மின்னஞ்சலுக்கு அது தக்கது. பேச்சுக்கு அது, திருமணம் முடிந்த மறுநாள் வந்து சேரும் அழைப்பிதழே ஆகும். ஆதலின் கேட்கும் பொறி, முன்வந்த ஒலியைச் சிறிது நீட்டி இடைவெளியை மெழுகிவிடும். ஒரு பொதி போயின் செவி அறியாது. தொடர்ந்து சில போயின் ஓர் அசை போம்; தமிழில் ஓரசை போனால் இல்லை என்பது உண்டென ஆகவும் கூடும். ஜி.729 போன்றவை முன்னையதைக்கொண்டு பின்னையதைக் கட்டுவன. ஆகலின் ஒன்றன் இழப்பு அடுத்தவற்றையும் சிறிது கெடுக்கும். ஜி.711க்கு அக்குறை இல்லை.

பேச்சில் இருவருள் ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பவரே. அவர் மௌனத்தையும் பொதிகட்டி அனுப்புவது வீண் என்பதனை 1960லேயே அட்லாண்டிக்குக் கடலடி வடத்தார் உணர்ந்து, ஒருவர் வாய்மூடிய கணத்தில் அத்தடத்தை மற்றொருவர்க்கு அளித்து, ஏறத்தாழ இருமடங்கு பேச்சுக்களை ஏற்றினர். இணையத்திலும் இதனைச் செய்யலாம். ஆயின் முழு மௌனம் வந்தால் இணைப்பு அறுந்ததென்று கேட்போர் மயங்குவராதலின், கேட்கும் பொறியே மெல்லிய இரைச்சலொன்றை உண்டாக்கிக் காதில் இடுகின்றது. தொலைவிலிருந்து வருவதாக நாம் எண்ணும் அவ்விரைச்சல் நம் கைப்பேசியிலேயே பிறந்தது.

அண்மைக் காலத்துக் கோடெக்குகள் பழைய 3,400 என்னும் வேலியைத் தாண்டிவிட்டன. 1988இன் ஜி.722 அதே 64,000 பிட்டில் 7,000 அதிர்வு வரை கொணர்ந்தது. ‘ஸ’வும் ‘ஃப’வும் பிரிந்து கேட்டன. 2012இல் வெளியான ஓப்பஸ் என்பது, ஸ்கைப்புக்கென ஆக்கப்பட்ட குரற்கோடெக்கையும் இசைக்குரிய மற்றொன்றையும் ஒன்றாய்ப் பிணைத்தது. (2003இல் தோன்றிய ஸ்கைப் 2025ஆம் ஆண்டு மே திங்களில் மூடப்பட்டது, கோடெக்கோ நிலைத்துவிட்டது.) 6,000 பிட்டு முதல் 5,10,000 பிட்டு வரை, பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே தடத்தின் நிலைமைக்கேற்பச் சுருங்கவும் விரியவும் வல்லது. வேண்டுமாயின் ஒவ்வொரு பொதியிலும் முந்திய பொதியின் மங்கலான படியொன்றைச் சேர்த்து அனுப்பும். ஒன்று போனாலும் அடுத்ததைக்கொண்டு மீட்கலாம். எவரும் காணிக்கையின்றிப் பயன்படுத்தலாம் என்பது அதன் தனிச்சிறப்பு. 24,000 பிட்டில் அதனை இயக்கின், 60 பைட்டுக் குரலும் 40 பைட்டு உறையுமாக, தடத்தில் 40,000 பிட்டு கொள்ளும். பழைய ஜி.711இல் பாதியளவில் அதனினும் தெளிந்த குரல். இன்று புதிதாக அமைப்போர் ஜி.729ஐ நாடுவது எனக்கு விளங்காததொன்று.

இனி அம்மாணவியிடம் மீள்கின்றேன். மறுநாள் அவளை அழைத்து, கைப்பேசியை எங்கே வைத்துப் பேசினாய், வீட்டில் வேறெவர் இணையத்திலிருந்தனர் என வினவினேன். தேர்வு விதிப்படி படக்கருவியைத் திறந்து வைத்திருந்தாள். அதே கைப்பேசியின் இணைப்பைப் பகிர்ந்துகொண்டு அவள் தம்பி வேறொரு கருவியில் வகுப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். படத்துக்குப் பல இலட்சம் பிட்டு வேண்டும். சிற்றூர்க் கோபுரத்தின் செல்தடமோ குறுகியது. படத்தின் பெரும்பொதிகள் வரிசையில் முன்னே நிற்க, அவள் குரலின் சிறுபொதிகள் அவற்றின் பின்னே காத்துக்கிடந்தன. காத்திருந்த அந்நேரத்தையே யான் அவள் தயக்கமெனக் கொண்டேன். வரிசை நிரம்பி வழிந்தபோது எறியப்பட்ட பொதிகளே அவள் விடையின் விடுபட்ட சொற்கள். என் பக்கத்திலோ கல்லூரிக் கம்பி அகன்றது. என் குரல் அவளுக்குக் குறையின்றிச் சென்றது. ஆகவே குறை இருப்பதே எனக்குத் தோன்றவில்லை.

படத்தை நிறுத்திக் குரல் மட்டும் கேட்பதற்குத் துறைத்தலைவரிடம் இசைவு பெற்றேன். தம்பியின் வகுப்பு முடிந்த பின்னர், வாசல் திண்ணையில் அமர்ந்து பேசுமாறு அவளுக்குக் கூறினேன். ஒரு வினாவை முடித்தபின் மூன்று எண்ணும் வரை வாய் திறவாதிருப்பதென்றும் உறுதி கொண்டேன். அலையின் குறுக்கீட்டைப்பற்றிய அதே வினாவைக் கேட்டேன். விடை தடையின்றி, வரிசையாக, சான்றோடு வந்தது. நன்று, முன்னர் ஏன் இவ்வாறு கூறவில்லை என்று என்னையறியாமற் கேட்டுவிட்டேன்.

‘முன்னரும் இதனையே கூறினேன், ஐயா’ என்றாள்.